ஜெரோமுக்குப் பிறகு பத்து நிமிஷம்

போன மாதம் கிளினிக்கிலிருந்து கவிதா கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்த நர்ஸ் அவள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைக்கிறார்களாம். எச்.ஐ.வி. வராமல் தடுக்கிற மாத்திரைக்குப் பதிலாக ஊசி வரப்போகிறது என்று பேச்சு அடிபடுகிறது. அதனால், அந்த மாத்திரையை முதன்முதலில் ஆட்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்த பழையவர்கள் வந்து பேசினால் நன்றாக இருக்கும் என்றாள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. எந்தப் புடவை இஸ்திரி போட்டபடி இருக்கிறது என்று மனம் அதற்குள் அலமாரிக்கு ஓடிவிட்டது.

"காலையில ஜெரோம் அண்ணே ஒரு மணி நேரம் பேசறாரு மிஸ்ஸி. அவரு முடிச்சதும் நீங்க ஒரு பத்து நிமிஷம் பேசுனா போதும் லா" என்றாள் கவிதா. பினாங்கில் நர்ஸ் என்றால் மிஸ்ஸிதான்.

சரிம்மா என்று போனை வைத்தேன். வைத்த கையோடு அடுப்படிக்குப் போய் ஒரு பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே கவிழ்த்தேன். கூட வேலை பார்த்த அவனுக்கு ஒரு மணி நேரம், எனக்குப் பத்து நிமிஷம். அதுவும் அவன் பேசி எல்லாரையும் சிரிக்கவைத்து, அழவைத்து, தேத்தண்ணிக்கு ஏங்கவைத்த பிறகு.

பேச்சோடு ஒரு கட்டுரையும் கேட்டிருந்தார்கள், ஆங்கிலத்தில். தமிழில்தான் எழுதுவேன் என்றேன். "தமிழ்ல எழுதுனா எல்லாரும் படிக்க முடியாதே மிஸ்ஸி?" என்று கவிதா இழுத்தாள். பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன். இதோ எழுதுகிறேன். பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், ஒருவனைத் தவிர.

எனக்குப் பொறாமை அதிகம். சுற்றி வளைப்பானேன்? சின்ன வயதில் தங்கைக்குக் காய்ச்சல் வந்தால், அம்மா அவள் பக்கத்தில் படுக்கிறாளே என்று எனக்கு வயிறு எரியும். கல்யாணமான பிறகு என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து கொஞ்சம் சிரித்த முகத்தோடு வந்தால், யார் சிரிக்கவைத்தது என்று கேட்பேன். பாவம், தங்கமான மனிதர். போய்ச்சேரும் வரை என் கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். அந்தக் குணம் எனக்கு இன்னும் போகவில்லை, போகும் என்ற நம்பிக்கையும் இல்லை.

அப்பா ரயில்வேயில் கிராணி, குமாஸ்தா வேலை. யாழ்ப்பாணத்துக் குடும்பம். பெண்பிள்ளை டீச்சராக வேண்டும் என்றார், நான் நர்ஸாகத்தான் ஆவேன் என்றேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படுக்கை விரிப்பின் மூலையைச் சரியாக மடிக்கவில்லை என்று திட்டு வாங்கினேன், தாதியர் விடுதியில் எறும்பு விழுந்த காப்பி குடித்தேன், வெள்ளைத் தொப்பி போட்டேன். பிறகு பல வருஷம் வார்டு. எச்.ஐ.வி. வந்த ஆண்களை அவர்கள் குடும்பமே கடைசிப் படுக்கையில் விட்டுவிட்டுப் போனதை அங்கேதான் பார்த்தேன். அதனால், வராமலே தடுக்க ஒரு மாத்திரை இருக்கிறது, ஜார்ஜ் டவுனில் நம் கிளினிக்கிலேயே கொடுக்கப்போகிறோம் என்று சொன்ன அன்று, நானாகக் கையைத் தூக்கி என்னைப் போடுங்கள் என்று கேட்டேன்.

கிளினிக்கின் பெரிய டாக்டர் மெஹருன். பினாங்குத் தமிழ் முஸ்லிம் குடும்பம். குரல் உயராது, ஆனால் அந்தக் குரல் கேட்டால் வாசலில் காவலுக்கு இருக்கிற ஜாகாகூட நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். முதல் நாளே என் அறைக்கு வந்து, மேசையை அவரே தள்ளிச் சுவரோரம் போட்டார். நோயாளிக்கும் எனக்கும் நடுவில் ஒன்றும் இருக்கக்கூடாதாம். வருகிறவரிடம் கல்யாணம் ஆச்சா என்று கேட்கக் கூடாது, யாரோட இருக்கிங்க என்றுதான் கேட்க வேண்டும்.

"ஏன்னு கேக்காதிங்க சிஸ்டர். எப்பன்னு கேளுங்க" என்றார் டாக்டர். "ஏன்னு கேட்டா அது கோர்ட்டு. எப்பன்னு கேட்டாதான் கிளினிக்."

மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் விரல் நுனியில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சின்னப் பட்டையில் விட வேண்டும். ஒரு கோடு வந்தால் எச்.ஐ.வி. இல்லை, இரண்டு கோடு வந்தால் இருக்கக்கூடும், மேற்கொண்டு லேப்பில் பார்க்க வேண்டும். கோடு எழும்பும் வரை காத்திருக்கும் நேரம்தான் கொடுமை. அந்த நேரத்தில் நான் வழக்கம்போல ஃபைல் எழுத ஆரம்பித்தேன். டாக்டர் என் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடிவைத்தார். "அவங்க உங்க பேனாவைத்தான் பாப்பாங்க சிஸ்டர். அது என்ன எழுதுதுன்னு நெனச்சே செத்துருவாங்க. சாப்பாட்டைப் பத்திப் பேசுங்க" என்றார். அவரே பேசுவார். எந்தக் கடை நாசி கண்டார் சோற்றில் குழம்பு நீர்த்துவிட்டது, வெண்டைக்காயை எப்படி வழவழப்பில்லாமல் பொரிப்பது என்று. வந்தவன் தன்னையறியாமல் அவன் அம்மா வைக்கிற மீன் குழம்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பான்.

கடைசியாக ஒன்று சொல்லிக்கொடுத்தார். முடிவைச் சொல்வதற்கு முன் கையுறையைக் கழற்றிவிட வேண்டும். நல்ல முடிவோ கெட்ட முடிவோ, வெறும் கையோடுதான் சொல்ல வேண்டும். பிறகு சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் ரத்தம் எடுத்தனுப்பி, தினம் ஒரு மாத்திரை, முதலில் கொஞ்சம் குமட்டலாம், மற்ற நோய்களை இது தடுக்காது, ஆணுறையும் வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து சோதித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்புவோம்.

இத்தனையும் கற்றுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தேன். ஆள்தான் வரவில்லை. ஆணை விரும்புகிற ஆணுக்கு நம் ஊரில் சட்டத்துக்கும் பயம், சாதிசனத்துக்கும் பயம். அதிலும் தமிழ்ப் பையன்கள் கதவைத் திறந்து என் நெற்றிப் பொட்டைப் பார்த்ததும், தன் பெரியம்மாவைப் பார்த்தவன்போல, "சாரி, தப்பான ரூமு" என்று ஓடிவிடுவார்கள்.

அப்போதுதான் ஜெரோமை வேலைக்கு எடுத்தார்கள். பத்து பெரிங்கிக் கடற்கரையில் ஹோட்டல் முன்மேசையில் வேலை பார்த்தவன். நாற்பது வயதிருக்கும். அவனும் அந்த வழி ஆள்தான், மறைக்கமாட்டான். என்ன படிப்பு என்று கேட்டால் சிரிப்பான். வந்த கொஞ்ச நாளில் என் அறை வாசல் பெஞ்சில் உட்கார இடமில்லை.

நான் மாத்திரையைப் பற்றி அரை மணி நேரம் விளக்குவேன். தலையாட்டிவிட்டுப் போவார்கள், திரும்ப வரமாட்டார்கள். அவன் வாசலில் நின்று, "நானும் போடறேன் லா. காலையில பசியாறுனதும் ஒண்ணு. இதோ நிக்கறேன்ல, கொம்பா மொளச்சிருக்கு?" என்பான். முடிந்தது. அந்த வாக்கியத்தை நான் எந்தப் பயிற்சிக்குப் போனாலும் சொல்ல முடியுமா? அதுதான் எனக்கு எரிச்சல்.

"ஜெரோம் அண்ணே இல்லையா?" என்று எட்டிப்பார்ப்பார்கள். நான் இருக்கேனே என்பேன். "பரவால்ல மிஸ்ஸி, அப்புறம் வரேன்" என்பார்கள். ரத்தம் எடுக்க நான் வேண்டும், ரகசியம் சொல்ல அவன் வேண்டும். அவன் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கிவந்து கிளினிக்கே பாடியது. அதே வாரம்தான் என் பிறந்தநாளும், ஒருவருக்கும் தெரியாது. பெரிய துண்டாக வெட்டிச் சாப்பிட்டேன். கேக் நன்றாக வேறு இருந்தது. இதில் அவன் என் மேசை ஓரத்தில் உட்கார்ந்து, என் டப்பாவைத் திறந்து என் முறுக்கைத் தின்றுகொண்டே, "அக்கா, உங்க கைப்பக்குவமே தனி லா" என்பான். அவன் போட்டுக்கொள்ளும் சென்ட் வாசனை சாயங்காலம் வரை என் அறையில் நிற்கும்.

தீனாவையும் அவன்தான் அழைத்துவந்தான். ஜூருவில் காடிகளைப் பழுதுபார்க்கிற மெக்கானிக். புக்கிட் மெர்தாஜாமில் பிரேம் என்பவரோடு ஒரே வீட்டில் குடியிருந்தான். பிரேம் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்தார். அக்கம்பக்கத்துக்கு அவர்கள் மாமன் மச்சான். பக்கத்துக் கிளினிக்குக்குப் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று தீனா கடல்பாலம் தாண்டித் தீவுக்கு, எங்களிடம் வந்தான்.

அவன் விரல் நுனி காய்த்துப்போயிருந்தது. ஊசி இறங்கவில்லை. மோதிர விரலின் பக்கவாட்டில் தேடிக் குத்த வேண்டியிருந்தது. காத்திருக்கும் நேரத்தில் நான் வெண்டைக்காயைப் பற்றிப் பேசினேன். அவன் அதைக் கேட்காமல் திடீரென்று சொன்னான்:

"பிரேம் சில நாள் எங்கயோ போறான் மிஸ்ஸி. நான் கேக்கறதில்ல. கேட்டா அவன் பொய் சொல்லணும். பொய் சொல்லிட்டா அப்புறம் நான் அவன்கூட இருக்க முடியாது. இந்த மாத்திரையைப் போட்டுக்கிட்டா கேக்காமயே இருந்துரலாம்ல?"

ஒரு கோடுதான் வந்தது. கையுறையைக் கழற்றினேன். எழுந்து போகும்போது, "இத வேற யார்கிட்டயும் சொல்லல மிஸ்ஸி. ஜெரோம் அண்ணன்கிட்டகூட" என்றான்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் எனக்கு நானே ஐஸ் போட்ட செண்டோல் ஒன்று வாங்கிக்கொடுத்தேன். ஜெரோமுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். நின்றபடியே ரசித்துக் குடித்தேன்.

தீனா ஒழுங்காக வந்தான், ஒழுங்காகச் சாப்பிட்டான். மாத்திரையைப் பிரேம் கண்ணில் படாமல் எங்கே வைப்பது என்றுதான் அவனுக்குக் கவலை. யோசனை கொடுத்தது ஜெரோம். "சாமி மேடையில வெச்சிரு தம்பி. விபூதி டப்பாவுக்குப் பின்னால. சாமி சாமானத்துல எவன் கை வெப்பான்?" என்றானாம்.

ஜெரோம் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை. அவனுக்கென்ன தெரியும்? தைப்பூச விரதம் தொடங்குவதற்கு முன்னால் சாமி மேடையைக் கழுவாத தமிழ் வீடு உண்டா? படத்தை இறக்கி, விளக்கைப் புளி போட்டுத் தேய்த்து, மூலைமுடுக்கெல்லாம் துடைத்துத்தானே மாலை கட்டுவோம். தீனா வருஷா வருஷம் காவடி எடுக்கிறவன். அந்த வருஷம் அவன் பட்டறையிலிருந்து வர நேரமாகிவிட்டது. காவடி எடுக்கிறவனுக்கு உதவியாக இருக்கட்டுமே என்று பிரேம் மேடையைக் கழுவ ஆரம்பித்திருக்கிறார். விபூதி டப்பாவுக்குப் பின்னால் மாத்திரை போத்தல்.

அந்த வீட்டில் அன்று என்ன நடந்தது என்பதைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். யாரோட போறே, எத்தனை நாளா என்று பிரேம் கத்தியிருக்கிறார். உண்மையைச் சொன்னால் குற்றம் பிரேம் தலையில் போய் விழும் என்று தீனா வாயே திறக்கவில்லை. "சந்தேகம்னா இனிமே போடல, சரியா?" என்று சொல்லிவிட்டு, விரத மாலையைப் போட்டுக்கொண்டு ஹாலில் பாயை விரித்துப் படுத்துவிட்டான். பேச்சுவார்த்தை நின்றுபோனது.

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தீனா மாத்திரை வாங்க வரவில்லை என்பதுதான். போனும் எடுக்கவில்லை. இப்படி நின்றுபோனால் என்ன செய்வது என்று எங்களுக்கு விதி இருக்கிறது. போனில் கூப்பிடலாம், மெசேஜ் போடலாம். வீட்டுக்குப் போகக் கூடாது. போனால் அவர் மறைத்துவைத்திருக்கிற வாழ்க்கை வாசலுக்கு வந்துவிடும். ஜெரோமுக்கு எந்த விதி ஒத்துவந்தது? மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஒரு பொட்டலம் கொழுக்கட்டையோடு பாலம் தாண்டிப் போய்க் கதவைத் தட்டிவிட்டான். திறந்தது பிரேம். "தீனா இல்லையா தம்பி?" என்று இவன் பல்லெல்லாம் தெரியக் கேட்டிருக்கிறான். கதவு முகத்தில் அறைந்ததுபோல மூடியது.

திரும்பிவந்து டாக்டரிடம் அவனே சொன்னான். நான் பக்கத்தில்தான் நின்றேன். சந்தோஷமாக இருந்தது என்றால் தப்பாக நினைக்காதீர்கள். மாட்டினான் என்று இருந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "இனிமே போகாதிங்க ஜெரோம்" என்றார். அவ்வளவுதான். நான் போயிருந்தால் மெமோ வந்திருக்கும், விசாரணை வந்திருக்கும், என் சர்வீஸே ஆட்டம் கண்டிருக்கும். அவன் என்றால் மட்டும் கண்ணாடித் துடைப்போடு முடிந்துவிடுமா?

மறுநாள் காலை என் அறைக்கதவைத் தட்டாமல் ஒருவர் உள்ளே வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, தூங்காத கண். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பாக்கெட்டிலிருந்து போத்தலை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் எங்கள் கிளினிக்கின் ஸ்டிக்கர்.

"இது என்னன்னு சொல்லுங்க" என்றார்.

இவர்தான் பிரேம் என்று புரிந்துவிட்டது. தீனா எங்களிடம் வருகிறவன் என்பதைக்கூட நான் ஒத்துக்கொள்ளக் கூடாது. "யாரோடதுன்னு நானும் கேக்கமாட்டேன், நீங்களும் சொல்ல வேணாம் தம்பி. என்ன மாத்திரைன்னு மட்டும் சொல்றேன். எச்.ஐ.வி. வராம தடுக்கறது."

"அது நெட்லயே பாத்துட்டேன். கண்ட எடத்துல படுக்கறவன் போடறது."

"வரக்கூடாதுன்னு நெனைக்கறவங்க போடறது."

"ஒருத்தன்கூடத்தான் இருக்கான்னா இது எதுக்கு மிஸ்ஸி?"

பதில் எனக்குத் தெரியும். தீனா இதே நாற்காலியில் உட்கார்ந்து சொன்ன பதில். பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அவர் தொப்பென்று உட்கார்ந்தார். "நேத்து ஒருத்தன் வந்தான் வீட்டுக்கு. சென்ட் வாசனை தெருமுனை வரைக்கும் அடிக்குது. தீனா இல்லையா தம்பியாம். எத்தனை நாள் பழக்கமோ! இப்ப வாசல்ல விசாரிச்சேன், ஜெரோம்னு பேரு, இங்கதான் வேலை செய்யறானாம்." குரல் இறங்கியது. "அவன் எப்படிப்பட்டவன் மிஸ்ஸி? நீங்க பெரியவங்க. உண்மையைச் சொல்லுங்க."

அந்த நிமிஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை. நான் பொய் சொல்லக்கூட வேண்டாம். தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கென்னப்பா தெரியும்" என்று ஒரு பெருமூச்சு விட்டிருந்தால் போதும். இவர் நேராக டாக்டரிடம் போயிருப்பார், புகார் எழுதியிருப்பார். வீட்டுக்குப் போனவன் என்பது வேறு இருக்கிறது. ஜெரோம் அன்றோடு காலி. பெஞ்சு எனக்கே எனக்கு. என் நாக்கில் எச்சில்கூட ஊறியது.

ஆனால் எதிரில் இருந்த முகம் என் முகமாக இருந்தது. அந்தக் கண், அந்தத் தாடை. என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டு வரும்போது கண்ணாடியில் நான் பார்த்த அதே முகம். இவரிடம் ஜெரோம் நல்லவன் என்று சொன்னால் என்னையும் நம்பமாட்டார். பொறாமைக்காரியை ஏமாற்ற முடியாது, எனக்குத் தெரியாதா?

"தம்பி, எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார்.

ஆரம்பித்துவிட்டேன். பெஞ்சு, கேக், என் முறுக்கு, அந்தச் சென்ட். ரத்தம் எடுக்க நான், ரகசியத்துக்கு அவன். டாக்டர் அவனுக்கு மட்டும் காட்டுகிற சலுகை. எத்தனை நாள் சேர்த்துவைத்ததோ, எல்லாம் கொட்டியது. பிரேம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

"உங்களுக்குமா?" என்றார். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து நின்றது.

"எனக்கும்தான். அவ்வளவு ஆகாத நான் சொல்றேன், கேட்டுக்குங்க. அவன் அப்படிப்பட்டவன் இல்ல. இங்க வர்ற ஒருத்தர்மேலயும் அவன் கை பட்டதில்ல. பட்டிருந்தா நான்தான் மொதல்ல டாக்டர்கிட்ட ஓடியிருப்பேன். அப்படி ஒண்ணு கெடைக்காதான்னு இத்தன நாளா காத்துக்கிட்டு இருக்கறவளும் நான்தான்."

அவர் தோள் இறங்கியது. நம்பிவிட்டார். ஜெரோம் இல்லை என்று ஆன பிறகும் அந்தக் கண்ணில் பயம் போகவில்லை. அது எனக்கு உறைத்தது. நான் வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டபோது கத்திவிட்டு அடங்கிவிடுவேன். என்னிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை. இவருக்கு அடங்கவில்லையே. ஏன் என்ற கேள்வி நாக்கு நுனிக்கு வந்தது. டாக்டர் ஞாபகம் வந்தது.

"தம்பி, அவரை விடுங்க. உங்களைக் கேக்கறேன்" என்றேன். "கடைசியா எப்ப?"

"போன மாசம். ஈப்போவுக்கு ஆபீஸ் வேலையாப் போனப்ப. அதுக்கு முன்னாடியும்" என்றார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். "நான் செய்யறேன்ல, அதான் அவனும் செய்வான்னு தோணிக்கிட்டே இருக்கு மிஸ்ஸி."

சோதிக்கலாமா என்றேன். விரலை நீட்டினார். மிருதுவான விரல், உடனே ரத்தம் வந்தது. பேனாவைத் தொடவில்லை. என்ன சாப்பாடு பிடிக்கும் என்று கேட்டேன். தீனா விரதம் இல்லாத நாளில் வைக்கிற நண்டுக் குழம்பு என்றார். இரண்டாவது கோடு மெல்ல எழுந்து, முதல் கோட்டைப்போலவே அழுத்தமாக நின்றது.

கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். லேப்பில் உறுதி செய்ய வேண்டும், ஆனால் தயாராக இருங்கள் என்றேன். இப்போது நல்ல மருந்து இருக்கிறது, தினமும் எடுத்தால் நூறு வயசு வரை இருக்கலாம், கிருமி சோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கிவிட்டால் அடுத்தவருக்கும் போகாது என்றேன். அவர் காதில் எதுவும் விழவில்லை.

"தீனாவுக்கு?" என்றார்.

வீட்டில் நடந்த சண்டையைப் பிரேம் அப்போதுதான் சொன்னார். அதுவரை தீனா மாத்திரை போட்டான். நிறுத்திய அன்றே விரதம் தொடங்கிவிட்டது, பாய் தனியாகிவிட்டது. அவர்கள் போட்ட சண்டையும் முருகனும் சேர்ந்து அவனைக் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் தைப்பூசம் முடிந்தால் விரதம் முடியும், ஒருவேளை சமாதானமும் ஆகும், மாத்திரை இருக்காது. அதற்குள் அவன் வந்து சோதித்து, மறுபடி ஆரம்பிக்க வேண்டும். பிரேம் அவனிடம் சொன்னால்தான் அது நடக்கும். நான் சொல்ல முடியாது.

"சொன்னா என்னை விட்டுட்டுப் போயிருவான் மிஸ்ஸி."

"போனா போகட்டும் தம்பி" என்றேன். கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருப்பார். "நோயில்லாமப் போகட்டும்."

அழுதார். நானும் அழுதேன். பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனார்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் நான் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரெல்லாம் பந்தல் போட ஆரம்பித்துவிட்டார்கள். லேப் முடிவும் வந்து பிரேம் சிகிச்சையைத் தொடங்கிவிட்டார். தீனாவைக் காணவில்லை. சொல்லிட்டிங்களா என்று நான் பிரேமைக் கேட்டால் தலையைக் குனிவார். பொறாமையைவிடப் பெரிய வேதனை ஒன்று இருக்கிறது என்று எனக்கு அந்த வாரம் தெரிந்தது.

தைப்பூசத்துக்கு முன்னால் கிளினிக் திறந்திருந்த கடைசி நாளில் இரண்டு பேரும் வந்தார்கள். தீனா கழுத்தில் மாலை, தாடி. வந்து உட்கார்ந்து விரலை நீட்டினான். எங்கே குத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குச் சாப்பாட்டுப் பேச்சு வரவில்லை, மூன்று பேரும் சும்மா பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கோடு. ஒரே ஒரு கோடு.

"சொல்லிட்டான் மிஸ்ஸி" என்றான் தீனா. "பொய் சொல்லல."

அவ்வளவுதான் சொன்னான். அவனுக்கு அது போதும்போல. மாத்திரையை எங்கே வைக்கப்போகிறாய் என்று கேட்டேன். "சாப்பாட்டு மேசையில. அவனோடதும் என்னோடதும் ஒண்ணா" என்றான்.

தைப்பூசத்தன்று நான் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் முதலுதவிப் பந்தலில் இருந்தேன். தீனா காவடியோடு வந்தான். அவனுக்கு ஒரு அடி பின்னால், அவன் களைத்தால் உட்கார வைப்பதற்கான முக்காலியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு பிரேம். என்னைப் பார்த்து இரண்டு பேரும் கும்பிட்டார்கள். நான் கையைத் தூக்குவதற்குள் பக்கத்துப் பந்தலிலிருந்து, "தம்பீ, வேல் வேல்!" என்று ஒரு சத்தம். சர்ச்சுக்குப் போகிற ஜெரோம்தான், தண்ணீர் பாட்டிலோடு. கூட்டமே அவனைத் திரும்பிப் பார்த்தது.

மூன்று மாதம் கழித்தும் தீனாவுக்கு ஒரு கோடுதான். அதற்குப் பிறகும் அப்படியே. பிரேமின் கிருமி சோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கியது. கிளினிக் ஊழியர் கூட்டத்தில் டாக்டர் சொன்னார், "ஜெரோம் அன்னைக்கு வீட்டுக்குப் போனது தப்புதான். ஆனா அதனாலதான அவரு இங்க வந்தாரு." எல்லாரும் தலையாட்டினார்கள். என் அறைக்குள் என்ன பேசினோம் என்பது அறையோடு போயிற்று. நான் வாயைத் திறக்க முடியாது.

பயிற்சி நாளுக்கு நீலப் பட்டு கட்டிக்கொண்டு போனேன். ஜெரோம் ஒரு மணி நேரம் என்று சொல்லி ஒன்றரை மணி நேரம் பேசினான். பேர் சொல்லாமல் அந்தக் கதையைத்தான் கடைசியில் வைத்தான். "அன்னைக்கு நான் அந்தக் கதவத் தட்டலன்னா..." என்று நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எனக்கு வயிற்றில் பழைய நெருப்பு, அப்படியே பற்றியது. பிறகு நான் போய்க் கையுறையைக் கழற்றுவதைப் பற்றிச் சொன்னேன். பேனாவை மூடிவைப்பதைச் சொன்னேன். ஊசி வந்தாலும் அதெல்லாம் மாறாது என்றேன். சிலர் எழுதிக்கொண்டார்கள். சிலர் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

இடைவேளையில் பிரேம் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தான். இப்போது அவனும் எங்கள் ஆள், புதிதாக நோய் தெரிந்தவர்களோடு உட்கார்ந்து பேசுகிறான். எனக்கும் அவனை நீ வா என்று கூப்பிடுகிற உரிமை வந்துவிட்டது. தீனா பட்டறைக்குப் போயிருக்கிறான், உங்களைக் கேட்டதாகச் சொன்னான் என்றான். பிறகு குனிந்து மெதுவாகக் கேட்டான்.

"மிஸ்ஸி, அன்னைக்கு ரூம்ல நடந்தத ஜெரோம் அண்ணன்கிட்ட நான் சொல்லிரட்டுமா? எத்தன தடவைதான் அவரு கதையாவே சொல்லுவாரு?"

"வேணாம்."

"ஏன் மிஸ்ஸி?"

"சொன்னா என்ன பண்ணுவான் தெரியுமா? அத்தன பேரு முன்னாடி ஓடிவந்து என் கையப் புடிச்சி அக்கா அக்கான்னு நன்றி சொல்லுவான். அதையும் எவ்வளவு நல்லா சொல்லுவான்னு ஒனக்குத் தெரியும்ல? அதுக்கும் அவனுக்குத்தான் கை தட்டுவாங்க."

பிரேம் தேத்தண்ணி சிந்தச் சிந்தச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஜெரோம் வந்துவிட்டான், கையில் ஒரு தட்டுக் கொழுக்கட்டையோடு, அதே சென்ட்டோடு. என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, நீங்க என்னமோ எழுதறிங்களாமே? கவிதா சொல்லிச்சி. தமிழ்லயாம்! பேசத்தான் எனக்கு வரும், தமிழ்ப்பள்ளிக்கே போகல, ஒரு எழுத்து தெரியாது. யாராச்சும் படிச்சிக் காட்டணும் லா."

"அதுல உன்னப் பத்தி ஒண்ணும் இல்லப்பா" என்றேன்.